ஏலம் போன பையன்

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. மணமேடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேசை, ஒரு மைக், கையில் மரச்சுத்தியலோடு ஒரு ஆள். கீழே எட்டு வட்ட மேசைகளில் எட்டு 'ஓனர்'கள். மஞ்சள் மண்டிக்காரர், பனியன் கம்பெனிக்காரர், செல்போன் கடைக்காரர் என்று ஊரில் நாலு காசு புரளும் ஆட்கள். சுவரோரமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில், ஏலம் போகக் காத்திருக்கும் நூற்றுச் சொச்சம் பையன்கள்.

உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். 2008-ல் ஐ.பி.எல். வந்தாலும் வந்தது, டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுகிற ஊருக்கெல்லாம் ஒரு 'பிரீமியர் லீக்' முளைத்துவிட்டது. லீக் என்றால் ஏலம் இல்லாமலா?

விதி சுலபம். ஒரு டீமுக்கு ஒரு லட்சம் பாயின்ட். அதற்குள் 15 பேரை எடுத்தாக வேண்டும். பாயின்ட் என்றால் பாயின்ட்தான், ரூபாய் இல்லை. ஏலம் போகிற பையனுக்குக் கிடைப்பது முதுகில் பேர் போட்ட ஒரு ஜெர்ஸியும், மேட்ச் அன்றைக்கு ஒரு பிரியாணிப் பொட்டலமும். அவ்வளவுதான்.

அன்றைக்கு என் அக்கா பையனும் நாற்காலியில் இருந்தான். காலேஜ் ரெண்டாம் வருஷம். சுமாராக அடிப்பான், நன்றாக ஓடுவான். அடிப்படை விலை 2,000. அவன் பேர் வந்தபோது மணி மூணு. ஆறு ஓனர்களிடம் பாயின்ட் கிட்டத்தட்டக் காலி. மஞ்சள் மண்டிக்காரரிடமும் பனியன் கம்பெனிக்காரரிடமும்தான் பை கனமாக இருந்தது. அந்த ரெண்டு பேருக்கும் ஒரு கடை வாடகை விஷயத்தில் பழைய மனஸ்தாபம் வேறு. ஒருத்தர் கையைத் தூக்க, இன்னொருத்தர் தூக்க... 42,000-க்குச் சுத்தியல் விழுந்தது. மஞ்சள் மண்டிக்காரர் ஜெயித்தார். மண்டபமே விசில் அடித்தது. அன்றைக்கு ராத்திரி அக்கா எங்கள் எல்லோருக்கும் கேசரி கிண்டினாள்.

அப்புறம் ஆறு மேட்ச். 31 ரன்.

முதல் ரெண்டு மேட்ச்சுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதில் ஒரு கேட்சை விட்டான். பவுண்டரிக்கு வெளியே இருந்து ஒரு குரல்: "ஏ... நாப்பத்திரெண்டு! குனிஞ்சு புடிறா!" அதோடு அவன் பேர் போச்சு. கிரவுண்டில், டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில் எல்லாம் நாப்பத்திரெண்டுதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு ராத்திரி அக்கா பரிமாறிக்கொண்டிருந்தபோது, "நாப்பத்திரெண்டாயிரம் வாங்கறவனுக்கு இன்னொரு முட்டை வைக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு கிரவுண்டுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும்.

கையில் ஒத்தை ரூபாய் வாங்காதவன், வாங்குகிற சம்பளத்துக்கு ஆடவில்லை என்று திட்டு வாங்கினான். நானும் ஒரு கல்லை எறிந்திருக்கிறேன். அன்றிலிருந்துதான் ஐ.பி.எல். ஏலத்தைக் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

அங்கேயும் இதே விதிதான். பாயின்ட்டுக்குப் பதில் கோடி. 2008-ல் ஒரு அணி செலவு செய்ய உச்சவரம்பு 50 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் சுமார் 20 கோடி ரூபாய். 2025 சீசனுக்கு அது 120 கோடி. பணக்கார முதலாளி எல்லா நட்சத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது, போட்டி சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் இந்த வரம்புக்கு ஒரு பக்க விளைவு உண்டு. வரம்பு இல்லாத இடத்தில் ஒருத்தருக்கு அதிகமாகக் கொடுத்தால் நஷ்டம் முதலாளிக்கு மட்டும். வரம்பு உள்ள இடத்தில் அது பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளின் பங்கு. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் ரிஷப் பந்தை லக்னோ 27 கோடிக்கு வாங்கியது. 120-ல் 27 என்றால் கிட்டத்தட்ட கால்வாசி. மீதியில்தான் மற்ற எல்லோரும். அந்த சீசனில் பந்த் 14 மேட்ச்சில் 269 ரன். அதில் 118 கடைசி மேட்ச்சில் வந்தது. லக்னோவுக்கு எது சரியில்லாமல் போனாலும் ஜனங்கள் அந்த 27-ஐத்தான் பார்த்தார்கள்.

சரி, 27 கோடி என்று யார் முடிவு செய்தது? பந்த்தா? அவர் அந்த ஹாலில் கையே தூக்கவில்லையே!

இன்னும் வேடிக்கை வெங்கடேஷ் ஐயர் கதை. கொல்கத்தா அவரைத் தக்கவைக்காமல் விட்டது. பிறகு ஏலத்தில் அதே ஆளைத் திரும்ப வாங்க பெங்களூருவோடு மல்லுக்கட்டி 23.75 கோடி கொடுத்தது. 2025-ல் அவர் 11 மேட்ச், 142 ரன். கொல்கத்தா கழற்றிவிட்டது. 2025 டிசம்பரில் அபுதாபி ஏலத்தில் அவரை எடுத்தது யார் தெரியுமா? அதே பெங்களூரு! 7 கோடிக்கு. ஒரு வருஷத்துக்கு முன்னால் இருபது கோடிக்கு மேல் கை தூக்கியவர்கள். ஆள் அதே ஆள்தான். மாறியது அன்றைக்கு மேசைகளில் இருந்த பணம்.

அந்த அபுதாபி ஏலத்துக்குக் கொல்கத்தா 64.30 கோடியோடு வந்தது, சென்னை 43.40 கோடியோடு. மும்பையிடம் இருந்தது வெறும் 2.75 கோடி. ஆஸ்திரேலியாவின் கேமரூன் கிரீன் பேர் வந்ததும் கொல்கத்தாவும் சென்னையும் கோதாவில் இறங்கின. 25.20 கோடிக்குக் கொல்கத்தா. இதில் ஒரு வினோதம் கேளுங்கள். மினி ஏலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் கைக்கு 18 கோடிக்கு மேல் போகக் கூடாது என்று விதி. மீதி 7.20 கோடி கிரிக்கெட் வாரியத்துக்கு. ஆனால் ஸ்கோர் போர்டுக்குக் கீழே டி.வி.யில் போடுவதென்னவோ 25.20-தான். வாங்காத 7.20-க்கும் சேர்த்து அவர் ரன் அடிக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பையனுக்குத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்!

இதையெல்லாம் ஒரு நாள் அந்த மஞ்சள் மண்டிக்காரரிடமே கேட்டேன். கோபத்தோடுதான் போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஏனுங்ணா, உங்க மஞ்சளையும் இப்படித்தான் ஏலம் எடுப்பீங்களா?"

"எடுத்திருந்தா இந்நேரம் மண்டிய வித்துப்போட்டு உக்காந்திருப்பனுங் தம்பி. அங்க மாதிரியக் கையில அள்ளறோம், ஒடச்சுப் பாக்கறோம், மோந்து பாக்கறோம். வெலைய எழுதிப் போட்டர்றோம். பக்கத்து ஆளு என்ன எழுதறான்னு தெரியாது. அங்க என்ர கண்ணுக்கு மஞ்சள் மட்டும்தானுங்க தெரியும்."

கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"மண்டபத்துல எனக்குப் பையனே தெரியலீங்க. எதுத்த மேசைக்காரன் மூஞ்சிதான் தெரிஞ்சுது."

அமெரிக்காவில் 1971-லேயே எண்ணெய்க் கம்பெனி இன்ஜினீயர்கள் மூன்று பேர் இதை எழுதிவிட்டார்கள். கடலடி எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த கம்பெனிகள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை என்று ஆராய்ந்தவர்கள் அவர்கள். பத்துப் பேர் மதிப்புப் போட்டால், எல்லோரையும்விட அதிகமாகத் தப்புக் கணக்குப் போட்டவன்தான் ஏலத்தில் ஜெயிப்பான் என்றார்கள். ஏலம் ஜெயித்தவனுக்கு வரும் சாபம். எழுதிப் போடும் ஏலத்திலேயே இந்தக் கதி. எல்லோர் எதிரிலும் கை தூக்கும் ஏலத்தில் ரோஷமும் சேர்ந்துகொள்கிறது.

மஞ்சளும் புனிதம் ஒன்றுமில்லை. 2010 வாக்கில் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிப் போனது நினைவிருக்கும். அதைப் பார்த்து வாய்க்கால் பாய்கிற இடமெல்லாம் மஞ்சள் நட்டார்கள். ஒன்பது, பத்து மாசப் பயிர். 2012-ல் விலை 5,000-க்கும் கீழே. போன வருஷ விலையை நம்பி இந்த வருஷம் இறங்கினவர்கள் கழுத்தில் துண்டு. கிரிக்கெட் முதலாளிகளும் அதைத்தான் செய்கிறார்கள். போன சீசன் ரன்னுக்கு இந்த சீசன் விலை. ஒரே ஒரு வித்தியாசம். விலை விழுந்தபோது மஞ்சள் கிழங்கை யாரும் பேர் வைத்துக் கூப்பிட்டுக் கேலி செய்யவில்லை.

நம்ம பக்கத்து நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா ரோட்டோரம் சிக்கன் கடை போட்டவர். 2017 ஏலத்தில் அவருடைய அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. அந்த சீசனில் 6 மேட்ச், 2 விக்கெட். அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. ரெண்டு சீசன் பெஞ்ச். 2020-ல் அதே 40 லட்சத்துக்கு 16 மேட்ச்சில் 16 விக்கெட், யார்க்கர் மேல் யார்க்கர். அப்படியே ஆஸ்திரேலியா போய் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஒரே சுற்றுப்பயணத்தில் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்த கை, ஐ.பி.எல். தராசில் 40 லட்சம் பெறுமான கை! பிறகு 2024 ஏலத்தில் டெல்லி 10.75 கோடிக்கு எடுத்து, 2025 சீசனில் ரெண்டே ரெண்டு மேட்ச் ஆடவைத்தது. ஒரு மேட்ச்சுக்கு எவ்வளவு என்று வகுத்துச் சொல்ல ஊரில் ஆளா இல்லை!

வருண் சக்கரவர்த்தி கதையும் அதுதான். ஆர்க்கிடெக்ட் வேலையை விட்டுவிட்டு வந்தவர். 2018 டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்தில் ஆரம்பித்து 8.40 கோடி, அதுவும் பஞ்சாப்தான். முதல் மேட்ச், முதல் ஓவர், 25 ரன். அப்புறம் விரலில் காயம். அந்த சீசனில் ஆடியது அந்த ஒரே மேட்ச். பாதி விலைக்கும் கீழே, 4 கோடிக்குக் கொல்கத்தா எடுத்த பிறகுதான் 2020-ல் 17 விக்கெட். 2025-க்குக் கொல்கத்தா அவரை 12 கோடிக்குத் தக்கவைத்தபோது யாரும் அதிகம் என்று வாய் திறக்கவில்லை.

பாவம் என்று சொல்ல வரவில்லை. 3 கோடி வந்தால் உங்களுக்கும் எனக்கும் கசக்குமா? நடராஜன் அந்த வருமானத்தில்தான் சின்னப்பம்பட்டியில் ஒரு கிரிக்கெட் மைதானமே அமைத்தார். 2023-ல் திறந்தார்கள். பணம் நல்லதுதான். அதோடு கட்டி அனுப்புகிற விலைச்சீட்டைத்தான் சொல்கிறேன்.

இந்தச் சம்பள வரம்பில் நமக்கு அண்ணன் அமெரிக்க பாஸ்கெட்பால். என்.பி.ஏ.வில் 1984-85-ல் ஒரு அணிக்கு 36 லட்சம் டாலர் என்று ஆரம்பித்தது, 2025-26-ல் பதினைந்தரைக் கோடி டாலரைத் தொடுகிறது. அங்கே ஏலம் இல்லை. ஆட்டக்காரர் சார்பில் ஏஜென்ட் உட்கார்ந்து பேசி, நாலைந்து வருஷ ஒப்பந்தம் போடுகிறார். காயம் பட்டாலும் பெரும்பாலும் முழுச் சம்பளம் உண்டு. ஜான் வால் என்ற ஆட்டக்காரருக்கு 2021-22 சீசனில் ஹூஸ்டன் அணி நாலரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தது. அவர் ஆடிய மேட்ச்: பூஜ்யம். உடம்பு முடியாமல் இல்லை. அணி இளசுகளை வைத்து ஆடுகிறது, உனக்கும் சரி எனக்கும் சரி என்று பேசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டேமியன் லில்லார்ட் 2025 ஏப்ரலில் குதிகால் நரம்பு அறுந்து விழுந்தார். ஜூலையில் மில்வாக்கி அவரை விடுவித்தது. பாக்கிச் சம்பளம் 11 கோடி டாலருக்கு மேல். அதை ஐந்து வருஷத்துக்குப் பிரித்து வரம்புக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். ஆள் வேறு ஊரில் ஆடலாம், அவர் பேரில் உள்ள தொகை மில்வாக்கியின் கணக்கில் வருஷா வருஷம் உட்கார்ந்திருக்கும். செத்துப்போன மாட்டுக்குக் கடன் கட்டுகிற மாதிரி.

நம்ம ஏலத்தில் அந்தத் தொல்லை இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த டிசம்பரில் கழற்றிவிடலாம். அதனாலேயே வாங்குகிறவர் யோசிப்பதில்லை என்பது என் எண்ணம். அஞ்சு வருஷம் சுமக்க வேண்டும் என்று தெரிந்தால் கை அத்தனை லேசாக மேலே போகுமா?

மண்டிக்காரர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார். "பையன வரச் சொல்லுங் தம்பி. அவனையும் சும்மா இருக்கச் சொன்னன்னு சொல்லுங்க, ஒரு நாலு வார்த்தை பேசோணும்" என்றார். பையன் போகவில்லை.

அடுத்த வருஷம் அதே மண்டபம். அக்கா வற்புறுத்தியதால் பேர் கொடுத்திருந்தான். நானும் கூடப் போனேன், மூலையில் நின்றுகொண்டேன். அவன் பேர் வந்ததும் எங்கேயோ ஒருத்தன், "நாப்பத்திரெண்டு!" என்று கத்தினான். சிரிப்பு. அப்புறம் சத்தமே இல்லை. பனியன் கம்பெனிக்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மைக்காரர் "ஒரு தரம்" என்றார், "ரெண்டு தரம்" என்றார். மஞ்சள் மண்டிக்காரர் தலையைத் தூக்காமலே கையைத் தூக்கினார். 2,000. சுத்தியல்.

பையன் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தான். ஏலத்தைப் பார்க்க மனசில்லாமல் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"எவ்வளவு மாமா?"

"ரெண்டாயிரம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்டா."

"அப்பாடா" என்றான். இலையில் இன்னொரு முட்டை வைக்கச் சொன்னான்.