பட்டி மேல் விழும் பழி

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய பட்டறைக்கு வரும் பிக்அப் வண்டிகளில் துருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. மீன் பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் உப்போடு இறங்கித் தங்கும் இடமெல்லாம் துருதான்: லோடு பாடியின் மூலைகள், கேபின் பின்சுவரின் அடி, கதவின் கீழ் மடிப்பு. நான் பார்த்த பழைய டாடா 207இன் கதவடியை டிங்கர் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்டுவந்த சத்தம் ஓரிடத்தில் மங்கியது. முனையைத் திருப்பி லேசாக அழுத்தினார், உள்ளே போய்விட்டது. பெயிண்டில் தெரிந்தது சின்னக் கொப்புளம்தான். கிரைண்டர் ஓட்டியதும் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு அரித்துப்போயிருந்தது வெளியே வந்தது. அதன்மேல் விரல் தடிமனுக்குப் பழைய பட்டி. முன்பு யாரோ ஓட்டையோடு சேர்த்துப் பூசிவிட்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கதவுகளைப் பார்த்துத்தான் ‘பட்டி போட்ட வண்டியா?’ என்று வாங்க வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பழியைப் பட்டி மேல் போடுவது நியாயமில்லை என்பது என் கட்சி. பாலியெஸ்டர் பிசினோடு டால்க் மாவு சேர்ந்த சாந்து அது. ஹார்டனர் கலந்தால் சில நிமிடங்களில் இறுகும். சென்னை வெயிலில் இன்னும் சீக்கிரம். துரு நீக்கிச் சொரசொரப்பாக்கிய தகட்டில் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால் பல ஆண்டுகள் அசையாது. ஓட்டையை மூடினாலோ, பின்பக்கத்து ஈரத்தை டால்க் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்பு துருவாகும்போது பருமன் பல மடங்கு பெருகுவதால் பட்டியை அடியிலிருந்து நெம்புகிறது. மேடுபள்ளத்தைச் சமன்செய்ய வந்த பொருளிடம் தகட்டின் வேலையைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

கொடுப்பது யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரித்ததை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, 20 கேஜ் தகட்டை மடிப்புக்கு ஏற்ப வளைத்து, சூட்டில் நெளியாதபடி இங்கொரு புள்ளி, எதிர்மூலையில் ஒரு புள்ளி என்று வெல்டிங் வைத்து, பின்னால் டாலி என்ற இரும்புக்கட்டையை அண்டக்கொடுத்துத் தட்ட வேண்டும். ஒரு கதவடிக்கே பொழுது போய்விடும். பெயிண்ட் அடித்த பிறகு இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வண்டிக்காரரோ பெயிண்டோடு சேர்த்து மொத்தமாக ஒரு தொகை பேசுகிறார். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று வாங்க வேண்டும்; தேதியும் நெருங்கியிருக்கும். தொகையும் நாளும் குறையும்போது முதலில் கைவிடப்படுவது தெரியாத வேலைதான். டிங்கர் விட்ட குறையை அடுத்து வரும் பட்டிக்காரர் மூடுகிறார். கெட்ட பெயரும் அவருக்கே போகிறது.

அவர் வேலையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் இந்தப் பழி எவ்வளவு தவறு என்பது புரியும். நீளமான மரக்கட்டையில் 80ஆம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, ஒருமுறை இப்படிக் குறுக்காக, அடுத்த முறை எதிர்க்குறுக்காக இழுக்கிறார். அவ்வப்போது துணியை விரித்து அதன்மேல் உள்ளங்கையைத் தட்டையாக ஓட்டிப் பார்க்கிறார். கண்ணுக்குப் படாத அலை கைக்குப் படுகிறது. பிறகு 180, 320. பூசியதில் பெரும்பகுதி தரையில் மாவாகக் கிடக்கிறது. (முகத்தில் கட்டியிருப்பது வெறும் கைக்குட்டை. அந்தத் தூசிக்கு அது போதவே போதாது.) நல்ல கையில் பட்டி மிஞ்சுவது அவ்வளவு குறைவு. காந்தம் ஒட்டாத அளவுக்கு மிஞ்சியிருந்தால் அடியில் தகடு வேலை நடக்கவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் உள்பக்கப் பூச்சு எரிந்து, அங்கேயே புதுத் துரு பிடிக்குமே என்பார்கள். உண்மைதான். அதற்காகத்தான் கதவின் உட்குழிவில் மெழுகுப்பூச்சு அடிக்க வேண்டும், அடைபட்ட வடிதுளைகளைத் திறந்துவிட வேண்டும். இதுவும் தெரியாத வேலை என்பதால் இதுவும் விடுபடுகிறது. தகடு வேலைக்குத் தனிக் கூலி பேசி, பிரைமர் அடிக்கும் முன் வண்டிக்காரர் ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டால் இதில் பாதி சரியாகும்.

மீன் ஏற்றும் வண்டிக்கு இவ்வளவு எதற்கு, அடுத்த எஃப்.சி. வரை தாங்கினால் போதாதா என்ற கேள்விதான் கொஞ்சம் கனமானது. மூடிய ஓட்டை உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வருஷமும் வெட்ட வேண்டிய பரப்பு கூடும். மூன்று தடவை பூசிய காசில் ஒருமுறை தகடு மாற்றியிருக்கலாம். ஆனால் சேஸியிலேயே துரு அடுக்கடுக்காக உரிந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த வண்டியின் கேபினுக்குத் தகடும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். புதுப்பேட்டை பழைய இரும்புக் கடைகளில் என்ன விலை போகும் என்று விசாரிக்கலாம்.