பாட்டியின் பத்து வெள்ளி

குளுவாங் வீட்டில் அம்மாவின் இரும்புப் பெட்டியை ஒழித்தபோது பாட்டியின் பங்குப் புத்தகம் கிடைத்தது. நூறு வெள்ளிக்கு ஒரு பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டியிருக்கிறாள். பால்மரம் வெட்டிய ஒருத்திக்கு அது சில நாள் கூலி. எதைக் குறைத்துக்கொண்டு கட்டினாளோ!

1957-இல் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததையொட்டி வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். துண்டாடல் என்றார்கள் அதை. வேலை போனால் லயத்து வீடும் போகும். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் ஆளில்லாமல் நிற்கும். பேராசிரியர் உங்கு அஜீஸ் இதைப் பற்றித் தனி ஆய்வே செய்தார்.

அப்போது அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன், விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்கலாம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாட்டி பங்கு கட்டியது அதில்தான். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தை. எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை, உண்மைதான். ஆனால் கூலிக்காரர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஸ்கூடாயில் இருக்கும் என் தம்பி மகன் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். அவனிடம் புத்தகத்தைக் காட்டினேன். கைநாட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

"அத்தை, பாட்டி தோட்டத்துக்கு முதலாளியா?"

"ஆமாய்யா. பங்குக்காரி."