அக்காள்மடத்தில் தங்கிய கார்

ராமேசுவரம் போய் வந்தவர்களில் எத்தனை பேர் அக்காள்மடத்தில் இறங்கியிருப்பீர்கள்? பாம்பன் பாலம் தாண்டியதும் வண்டி ஓட்டுகிறவருக்கு ஓர் அவசரம் வந்துவிடும். கோயில் நடை சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டுமே! சாலையோரத்துப் பெயர்ப் பலகையைப் பார்த்து, "அக்காள்மடமா? அப்படியானால் அடுத்தது தங்கச்சிமடம்!" என்று சிரித்துவிட்டுப் போவதோடு சரி.

அக்காளும் தங்கையுமாக இரண்டு புண்ணியவதிகள் இருந்தார்களாம். சேது யாத்திரை வருகிறவர்கள் கால் ஓய்ந்து படுப்பதற்கு ஆளுக்கொரு மடம் கட்டி வைத்தார்களாம். அந்த மடங்களின் பெயரே ஊர்ப் பெயராக நிலைத்துவிட்டது என்பார்கள். 1914-ல் ரயில் பாலம் வந்தது. 1988 அக்டோபர் 2-ந் தேதி சாலைப் பாலமும் திறந்தார்கள். அதற்கப்புறம் வழியில் தங்க வேண்டிய அவசியம் யாருக்கு?

எங்களுக்கு இருந்தது. எங்களைத் தங்க வைத்தது பக்தி அல்ல; புகை!

மாமனாரின் முதல் வருஷத் திதிக்காக ராமேசுவரம் புறப்பட்டோம். "அவர் வண்டியிலேதான் போகணும்" என்று மாமியார் சொல்லிவிட்டார். அவர் வண்டி என்பது ஒரு ஜாகுவார் மார்க் 2. இங்கிலாந்தில் 1959 முதல் 1967 வரை செய்த கார். வெளிநாட்டுக் கார் இறக்குமதி கண்ணில் படாத அந்தக் காலத்தில், ஊருக்குத் திரும்பிய ஒரு தூதரக அதிகாரியின் வண்டியை மாமனார் 1969-ல் வாங்கினார். அன்று முதல் வீட்டில் அதுதான் மூத்த பிள்ளை. என் கணவர் இரண்டாவதுதான்.

ஐப்பசி மாதம். பாலத்தின் மேல் வரும்போதே வானம் கறுத்துவிட்டது. பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் நிற்கிறது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புமாம். அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தவள், "இது என்ன?" என்று கேட்டேன். விளக்கைப் போட்டதும் பெட்ரோல் முள் 'தொப்'பென்று விழுந்தது. அணைத்தால் எழுந்தது. மழைக்கு வைப்பரை ஓட விட்டதும் டாஷ்போர்டின் பின்னாலிருந்து ஒரு தீய்ந்த நாற்றம். மெல்லிய இழையாகப் புகை. கணவர் வண்டியை நிறுத்திய இடம் அக்காள்மடம்.

டாஷ்போர்டு என்ற சொல்லின் பூர்வீகம் வேடிக்கையானது. மேல்நாட்டுக் குதிரை வண்டிகளில், குளம்பு வாரி இறைக்கும் சேறு மேலே தெறிக்காமலிருக்க முன்னால் ஒரு பலகை வைப்பார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். குதிரை போய்விட்டது, பலகை மட்டும் நின்று, முள்ளும் கடிகாரமுமாக அலங்காரம் பண்ணிக்கொண்டது. எங்கள் வண்டியில் அந்த அலங்காரம் வால்நட் மரம், அதாவது அக்ரூட். தேன் பாகைக் கரண்டியால் சுழற்றிவிட்டாற்போல் ரேகைகள் ஓடும்.

ஊரில் கார் மெக்கானிக்கைத் தேடினோம். அகப்பட்டவர் படகு இஞ்சின் பார்க்கிறவர். முப்பது வயதிருக்கும். "இந்த மாதிரி வண்டி தொட்டதில்லீங்க சார். ஆனா உப்புக் காத்து கம்பியை என்ன பண்ணும்னு தெரியும்" என்றார். அந்த ஒரு பேச்சில் எனக்கு நம்பிக்கை பிறந்தது. எல்லாம் தெரியும் என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன்.

முதல் காரியமாகப் பாட்டரியைப் பார்த்தார். புருவத்தை நெரித்தார். "என்ன சார், பிளஸ் முனையை உடம்போட கட்டியிருக்கு?" பழைய இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் அப்படித்தான், இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறு. அது தெரியாமல் புதுச் சாமானை மாற்றிக் கொடுத்துப் புகைத்தவர்கள் உண்டு. எதுவானாலும், உடம்போடு கட்டிய முனையைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அப்போதுதான் ஸ்பானர் தகரத்தில் இடித்தாலும் பொறி பறக்காது. அதைக் கழற்றி ஒதுக்கி வைத்த பிறகே அவர் டாஷ்போர்டைத் தொட்டார்.

இந்தக் காரின் நடுப்பலகையைத் திறப்பது சுலபம். மேலே இரண்டு மூலையிலும் விரலால் திருகும் இரண்டு திருகாணிகள். அவற்றைக் கழற்றினால் பலகை கீல் வைத்த பெட்டி மூடி மாதிரி முன்பக்கம் சாய்ந்து படுத்துவிடுகிறது. உள்ளே பார்த்தால், அம்மாடி! தறியில் சிக்கிய நூல் மாதிரி வண்ண வண்ணக் கம்பிகள். ஆனால் அதற்கும் ஒரு ஒழுங்கு உண்டு. கறுப்பு என்றால் உடம்போடு சேர்வது. சிவப்பு சின்ன விளக்குகளுக்கு. பச்சை, சாவி போட்டபின் ப்யூஸ் வழியாக முள்ளுக்கும் வைப்பருக்கும் போவது. பழுப்பு நேரே பாட்டரியிலிருந்து வருவது; அதனிடம் விளையாடக் கூடாது.

ஆனால் ஒரே பச்சையில் எத்தனை கம்பி! எது எங்கே போகும் என்று எழுதி ஒட்டக் காகிதம் தேடினோம். மாமியார் தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தை எடுத்தார். (தங்கச்சிமடத்து மல்லிகைக் கன்று எங்கெங்கோ போகிறது தெரியுமோ?) சரத்தின் வாழை நாரைக் கிழித்துக் கொடுத்து, "முதல் கம்பிக்கு ஒரு முடிச்சு, ரெண்டாவதுக்கு ரெண்டு முடிச்சு" என்றார். மெக்கானிக் அவரைப் பார்த்த பார்வையில் புது மரியாதை இருந்தது.

முள் ஆடியதன் காரணம் முதலில் அகப்பட்டது. கறுப்புக் கம்பியின் செப்பு வளையத்தில் பச்சைக் களிம்பு! செம்புக் குடத்தை நான்கு நாள் தேய்க்காமல் விட்டால் பூக்குமே, அதேதான். மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் திணறுகிறது. விளக்கும் முள்ளும் ஒரே குறுகலான சந்தில் இடித்துக்கொள்கின்றன. உப்புத்தாளால் தேய்த்து, இறுக முடுக்கி, மேலே வாஸலைன் தடவினார். தீர்ந்தது.

புகை விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. ஒரு பச்சைக் கம்பி தகரத்தில் உராய்ந்து உராய்ந்து மேலுறை கிழிந்திருந்தது. அப்படி ஆனால் ப்யூஸ் உருகி, சங்கதி அதோடு முடிந்திருக்க வேண்டும். ப்யூஸ் ஏன் உருகவில்லை? மெக்கானிக் டார்ச்சை அடித்தார். கண்ணாடிக் குழாய் ப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மின்னியது. குறடால் இழுத்து உள்ளங்கையில் வைத்தார்.

மடக்கிச் செருகிய ஒரு கொண்டை ஊசி. தலையில் சின்னப் பூ வைத்தது.

"சார், யார் பண்ணின வேலை இது? 35 ஆம்பியர் ப்யூஸ் இருக்கிற இடம். இந்த ஊசி என்னிக்கும் உருகாது, கம்பிதான் எரியும். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா பலகையே பிடிச்சிருக்கும்!" அவர் குரலில் நிஜமான கோபம்.

யாரும் பேசவில்லை. மாமியார் ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைக் காணோம்னு நான் வீடெல்லாம் தேடினேன். 'உன் சாமானை நீதான் பத்திரமா வச்சுக்கணும்'னு அந்த மனுஷர் எனக்கு உபதேசம் பண்ணினார்!" என்றார். அழுவாரோ என்று பயந்தேன். சிரித்தார். சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

எரிந்த கம்பிக்குப் புதுக் கம்பி போட்டாயிற்று. பாக்கி இருந்தது பலகை. கையுறைப் பெட்டியின் மூடியில் மூலை ஒன்று தோல் உரிந்தாற்போல் தூக்கிக்கொண்டு நின்றது. கணவருக்கு வெகு நாளாக ஒரு யோசனை: மர ரேகை அச்சடித்த பிளாஸ்டிக் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று. மாமியார் அதற்குச் சரி என்றும் சொன்னதில்லை, வேண்டாம் என்றும் சொன்னதில்லை. மெக்கானிக் மூடியைக் கழற்றி, வள்ளம் கட்டும் ஒரு பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

பெரியவர் விளிம்பை நகத்தால் தட்டினார். "தாயி, இது பலகை இல்லே, பலகை மேலே ஒட்டின ஏடு. அப்பளத்தை விட மெல்லிசு. உப்புத்தாள் போட்டீங்கன்னா உள்ளே இருக்கிற ஒட்டுப் பலகை பல்லைக் காட்டும்" என்றார். அப்புறம் ஒரு கணக்குச் சொன்னார். வள்ளத்துப் பலகையில் தண்ணீர் பட்டால் மரம் ஊதி, இடுக்குத் தானாக மூடிக்கொள்ளும். அதை நம்பித்தான் இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்கிறார்கள். இந்த ஏட்டில் அதே ஈரம் பட்டால் ஊதி வெளியே வந்துவிடுகிறது. "அதைச் சேர்க்கிற தண்ணிதான் இதைப் பிரிக்குது."

வலப் பக்கத்து ரேகையையும் இடப் பக்கத்து ரேகையையும் அவர்தான் எங்களுக்குக் காட்டினார். ஒரே கட்டையை அடுத்தடுத்து ஏடாகச் சீவி, புத்தகத்தை விரித்தாற்போல் ஒட்டியிருக்கிறது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி ஒன்றுக்கொன்று ஜோடி. "ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு அனாதை" என்றார். மாமியார் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அத்துடன் பிளாஸ்டிக் பேச்சு போயிற்று.

வேலை ராத்திரி முழுதும் எடுக்கும் என்றார்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பை ஒற்றி எடுத்து, காயவிட்டு, மருந்துக் கடை ஊசிக் குழாயால் ஏட்டின் அடியில் பசையைச் செலுத்தினார் பெரியவர். மேலே பிளாஸ்டிக் தாள், அதன்மேல் சமப் பலகை, அதற்கும் மேல் வலையில் கட்டும் ஈயக் குண்டுகள் ஒரு சாக்கு. கார் அக்காள்மடத்திலேயே தங்கிற்று. நாங்கள் ஆட்டோவில் ராமேசுவரம் போனோம்.

மறுநாள் அக்னி தீர்த்தத்தில் திதி நடந்தது. சாயங்காலம் திரும்பி வந்தால், மூடி படிந்து கிடக்கிறது. தடவிப் பார்த்தால் மட்டும் ஒரு மெல்லிய வரம்பு தெரிகிறது. அது கிடக்கட்டும். வாழை நார் முடிச்சுகளை எண்ணி எண்ணிக் கம்பிகளைப் பூட்டினார் மெக்கானிக். பாட்டரி முனையைக் கடைசியில் மாட்டினார். சுற்று காட்டும் வட்டத்துக்குள் இருக்கிற கடிகாரம் பத்து வருஷமாக நின்றது நின்றபடிதான் இருக்கிறது. அதை அவர் தொடவில்லை. பாம்பனுக்கு ஆள் அனுப்பி வாங்கி வைத்திருந்த மூன்று ப்யூஸ்களைக் கையுறைப் பெட்டியில் போட்டு, "தலையிலே குத்துறது தலையிலே இருக்கட்டும் தாயி" என்றார்.

பாலம் ஏறும்போது இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டார், முள் அசையவில்லை. பின் ஆசனத்தில் மாமியார் சுருக்குப் பையைத் திறந்து ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அதை எதற்கம்மா? வளைந்து போயிற்றே, தூக்கிப் போடுங்கள்" என்றார் கணவர்.

"இதனோட ஜோடி வீட்டிலே இருக்குடா" என்றார்.