கப்பல் ஏறும் முன்பே தொடங்கும் ஹஜ்



பள்ளி விடுமுறை நெருங்கும் காலங்களில் கடல் சுற்றுலா விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா சொகுசுக் கப்பல் புறப்பட்ட பிறகு, கப்பல் பயணம் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடிய ஆசையாகிவிட்டது. கரீபியன் கடல்வரை அழைத்துச் செல்வதாகக் கூறும் விளம்பரங்களும் கைபேசியில் வருகின்றன. அவை அனைத்தின் சாரமும் ஒன்றே: ஓராண்டு முன்னதாகப் பதிவு செய்யுங்கள், குறைந்த செலவில் சென்று வாருங்கள். ஹலாலான வருவாயில், மார்க்க வரம்புகளைப் பேணி, குடும்பத்தோடு அல்லாஹ்வின் கடலைக் கண்டு வருவதில் தவறில்லை. ஆனால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் முஸ்லிம் வீடுகளில் நமக்கு முந்தைய தலைமுறையினருக்குக் கப்பல் என்றால் ஒரே பொருள்தான் இருந்தது. பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ் கப்பல் அது. அதற்கும் முன்பதிவு இருந்தது; மலிவான சீட்டும் இருந்தது. அந்த முன்பதிவு அவர்களுடைய வாழ்க்கையை எவ்வாறு ஒழுங்குபடுத்தியது என்பதை நம் குடும்பங்கள் மறந்துவிடக் கூடாது என்ற கவலையே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் பாட்டனார் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று அவருடைய கால் விரல்களின் தோல் எப்போதும் வெடித்தே இருக்கும் என்று என் தந்தையார் சொல்வார்கள். அவர் 1970களின் நடுவில் ஹஜ்ஜுக்குச் சென்றார். கப்பலில் மேல்வகுப்பு அறைகள் இருந்தன; அவை அவருக்கு எட்டாதவை. அடித்தளத்தில் அடுக்குக் கட்டில்கள் போட்டிருந்த டெக் வகுப்பே ஏழை ஹாஜிகளின் இடம். அந்த இடத்திற்கான பணத்தைச் சேர்ப்பதற்கு அவருக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. வாரக்கூலியில் ஒரு பகுதியைத் தம் முதலாளியிடமே அமானத்தாகக் கொடுத்து வைத்தார். வட்டி வேண்டாம், கணக்கு மட்டும் எழுதி வையுங்கள் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

பணம் சேர்ந்தவுடன் கப்பல் ஏறிவிட முடியாது. மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கப்பலில் உள்ள இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடக்கும். முதல் ஆண்டு அவருடைய பெயர் வரவில்லை. இரண்டாம் ஆண்டு வந்தது. பெயர் வந்த செய்தியை அறிந்த அன்றே அவர் செய்த காரியத்தைத்தான் எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசுகிறோம். ஒரு பழைய நோட்டை எடுத்து, தாம் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம், யார் யாரோடு மனக்கசப்பு இருக்கிறது என்று எழுதத் தொடங்கினார். மளிகைக் கடைப் பாக்கி முதல், பங்காளியோடு சுவர் விஷயமாக ஏழாண்டுகள் பேசாதிருந்தது வரை அதில் இருந்தது. கப்பல் புறப்படுவதற்குள் அந்தப் பட்டியல் முழுவதையும் தீர்த்துவிட வேண்டும் என்று உறுதி கொண்டார். பங்காளியின் வீட்டு வாசலுக்கு மூன்று முறை சென்றார். முதல் இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை. மூன்றாம் முறை திறந்தது. பின்னர் அவரை வழியனுப்ப ஆம்பூர் ரயில் நிலையத்திற்கு வந்தவர்களுள் அந்தப் பங்காளியும் ஒருவர்.

பயணம் அடுத்த வாரம் என்றால் ஒருவன் பெட்டியைத்தான் கட்டுவான். பயணம் அடுத்த ஆண்டு என்றால் தன் வாழ்க்கையைச் சீர்செய்யவும் அவனுக்கு நேரம் கிடைக்கிறது. முன்னதாகப் பதிவு செய்வதன் பெரிய பலன் கட்டணத்தில் கிடைக்கும் சலுகையன்று, இந்த அவகாசமே. கடன்களை அடைப்பது, பிறர் உரிமைகளை ஒப்படைப்பது, மன்னிப்புக் கேட்பது, வீட்டாருக்கு வேண்டிய செலவுத்தொகையை வைத்துச் செல்வது ஆகிய அனைத்தையும் ஹஜ்ஜுக்குப் புறப்படுபவர் நிறைவேற்ற வேண்டுமென்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. இவற்றில் எதுவும் ஒரு வாரத்தில் முடியக்கூடியதன்று.

முன்னேற்பாடு தவக்குலுக்கு முரணானது என்று எண்ணுவோர் நம்மில் இன்றும் உள்ளனர். ‘அல்லாஹ் அழைத்தால் போவோம்’ என்ற சொல்லைப் பல வீடுகளில் கேட்கிறேன். அது ஈமானின் சொல், ஐயமில்லை. ஆயினும் அதையே காரணமாக்கி ஒரு ரூபாயும் எடுத்து வைக்காமல் இருப்பது வேறு. யமன் நாட்டிலிருந்து சிலர் பயணச் சாதனங்கள் ஏதுமின்றி ஹஜ்ஜுக்கு வந்து, தாங்கள் அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்தவர்கள் என்று கூறிக்கொண்டு, மக்கா வந்ததும் மக்களிடம் யாசித்தார்கள். அவர்கள் விஷயமாகவே, பயணத்திற்குரியவற்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் இடம்பெற்றுள்ளது. அதே வசனம் சேகரிப்புகளில் சிறந்தது இறையச்சமே என்றும் உணர்த்துகிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பவரே முழுமையான பயணி.

வரலாறும் இதையே காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் நாட்டு ஏழை ஹாஜிகள் பலர் போகும் சீட்டுக்கு மட்டுமே பணம் வைத்துக்கொண்டு புறப்பட்டனர். பம்பாயில் கப்பல் புறப்படும் நாள் தள்ளிப்போகும், தரகர்கள் சூழ்ந்துகொள்வர், கையிலிருந்த பணம் கரையும். ஹஜ் முடிந்தபின் ஜித்தாவில் திரும்பும் வழியின்றித் தவித்தவர்கள் பலர். 1886ஆம் ஆண்டு இந்திய அரசு தாமஸ் குக் நிறுவனத்தை ஹஜ் பயண முகவராக நியமித்து, ரயிலுக்கும் கப்பலுக்கும் முன்கூட்டியே சீட்டு வழங்கும் ஏற்பாட்டைச் செய்தது. அந்த ஏற்பாடு சில ஆண்டுகளே நீடித்தது. பின்னர் 1920களில், திரும்பும் பயணத்திற்கும் சேர்த்துச் சீட்டு வாங்க வேண்டும் அல்லது அதற்குரிய தொகையை முன்னதாகவே கட்டிவைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஏழைகள் அந்நிய மண்ணில் கையேந்தக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

என் பாட்டனார் சென்ற காலத்தில் அந்த இடர்கள் பெரிதும் குறைந்திருந்தன. பம்பாயில் ஹாஜி ஸாபு சித்தீக் முஸாஃபிர்கானாவில் தங்கி, ஆவணங்களைச் சரிபார்த்துக்கொண்டு, கப்பலேறினார். ஒரு வாரத்திற்கு மேல் கடலிலே கழிந்தது. முதல் மூன்று நாள்கள் வாந்தியும் மயக்கமும். அதன்பின் கப்பலே ஒரு மஹல்லாவாக மாறியதாம். ஐவேளையும் ஜமாஅத், மாலையில் ஹஜ்ஜின் சட்டங்களைக் கற்றறிந்தோர் விளக்குவர், மலையாளியும் வங்காளியும் பீகாரியும் ஒரே தட்டில் உண்பர். யலம்லமுக்கு நேராகக் கப்பல் வந்ததும் அறிவிப்புச் செய்வார்கள். அனைவரும் இஹ்ராம் பூண்டு தல்பியா முழங்கும்போது, இரும்புக் கப்பலே அதிர்ந்ததாக அவர் சொல்வார். 1995ஆம் ஆண்டோடு பம்பாய்–ஜித்தா ஹஜ் கப்பல் நின்றுபோனது. இன்று சென்னையிலிருந்து சில மணி நேரத்தில் விமானம் கொண்டுசேர்க்கிறது. பயணம் குறுகிவிட்டது, ஆகவே பயணத்திற்கு முந்தைய காலத்தை நாம்தான் நீட்டிக்கொள்ள வேண்டும்.

இப்போதைய நிலையைப் பார்ப்போம். 2025ஆம் ஆண்டு ஹஜ் ஜூன் மாதம் நடைபெற்றது. அதற்கான விண்ணப்பம் 2024 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. குலுக்கலில் தேர்வானோர் முதல் தவணையாக 1,30,300 ரூபாயை உடனே செலுத்த வேண்டியிருந்தது. மொத்தச் செலவு ஒருவருக்கு மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. அரசு மானியமும் 2018 முதல் இல்லை. ஆக, அறிவிப்பு வந்த பிறகு பணம் தேடத் தொடங்குபவர் கடன் வாங்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் சென்றுவர இயன்றோர் மீதே ஹஜ்ஜைக் கடமையாக்குகிறது. வட்டிக்குக் கடன் வாங்கி ஹஜ் செய்யும்படி மார்க்கம் எவரையும் பணிக்கவில்லை.

நம் பகுதியில் ஷூ கம்பெனிகளில் தைக்கும் வேலை செய்யும் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களுள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: “ஹஜ்ரத், எங்களைப் போன்றவர்களுக்கெல்லாம் ஹஜ் நடக்குமா?” மாதம் 2,500 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 30,000, பத்தாண்டுகளில் மூன்று லட்சம். செலவு உயர்ந்துகொண்டே போகும் என்பதால் இன்னும் ஓரிரண்டு ஆண்டுகள் கூடலாம். முப்பத்தைந்து வயதில் தொடங்கும் ஒரு பெண் ஐம்பதுக்குள், கால்களில் வலு இருக்கும்போதே, தவாஃப் செய்துவிட முடியும். மலேசியாவில் இதையே ஒரு நாடு முழுவதும் செய்தார்கள். கிராமத்து ஏழைகள் நிலத்தையும் மாடுகளையும் விற்று ஹஜ் செய்துவிட்டு வறுமையில் வீழ்வதைக் கண்ட பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் 1959இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். 1963இல் ஹஜ் சேமிப்பு நிறுவனம் தொடங்கியது. வட்டியில்லாமல் சிறுகச் சிறுகச் சேமிக்கும் அந்த நிறுவனம் இன்று தாபுங் ஹாஜி என்ற பெயரில் உலகறிந்ததாக விளங்குகிறது. நமக்கு அத்தகைய பெரிய நிறுவனம் இல்லாவிடினும், ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஒரு ஹஜ் சேமிப்புக் கணக்கைத் தொடங்கி நடத்துவது இயலாத காரியமன்று.

சேமிக்கும் முறையிலும் கவனம் வேண்டும். நம் தெருக்களில் சீட்டுப் போடாத வீடு அரிது. எல்லாரும் சம தொகை கட்டி, குலுக்கலில் பெயர் வருபவர் முழுத்தொகையையும் பெறும் சீட்டு ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து உதவுவதைப் போன்றது. அதை ஆலிம்கள் அனுமதிக்கின்றனர். தள்ளிக் கேட்டு எடுக்கும் ஏலச்சீட்டில் வட்டியின் தன்மை புகுந்துவிடுகிறது. ஹஜ் பணத்தை அதில் போடலாகாது. வங்கிச் சேமிப்புக் கணக்கில் சேரும் வட்டியை நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். சேர்த்து வைத்த தொகை நிஸாபை அடைந்து ஆண்டு நிறைவுற்றால், அது ஹஜ்ஜுக்கென்று ஒதுக்கியதாயினும் ஸகாத் கடமையாகும். இதைப் பலர் அறிவதில்லை.

இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பதிவு என்பது பணம் கட்டிய ரசீது மட்டுமன்று. 2025ஆம் ஆண்டு இந்தியாவுக்கான 1,75,025 இடங்களில் 52,507 இடங்கள் தனியார் பயண நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டன. சவூதி அரசு விதித்த காலக்கெடுவுக்குள் மினா முகாம், தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்கள் நிறைவுறாததால் அவற்றில் பெரும்பகுதி கைநழுவியது. பேச்சுவார்த்தைக்குப் பின் 10,000 பேருக்கு மட்டும் வாய்ப்புத் திறக்கப்பட்டது. மற்றவர்களுள் எத்தனையோ பேர் பணம் கட்டி, இஹ்ராம் துணி வாங்கி, உறவினரிடம் விடைபெற்றுக் காத்திருந்தவர்கள். எனவே தனியார் வழியே செல்வோர் அரசு அங்கீகாரச் சான்று உண்டா, மினாவில் இடம் உறுதியாகிவிட்டதா, பயணம் தடைப்பட்டால் பணம் எந்நாளில் திரும்பும் என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ‘அவர் தொழுகையாளி, நம் ஊர்க்காரர்’ என்பது ஒப்பந்தமாகாது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளக் கட்டளையிடும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஹஜ் கடமையாகிவிட்டால் அதை அந்த ஆண்டே நிறைவேற்ற வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. உறுதியான எண்ணத்தோடு தாமதிக்கலாம் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. நம் பகுதியில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். ஆனால் மகளின் திருமண மண்டபத்தை எட்டு மாதம் முன்பே பதிவு செய்துவிட்டு, விருந்துக்குப் பல லட்சம் செலவிட்டு, ஹஜ்ஜை மட்டும் ‘பார்க்கலாம்’ என்று முதுமைக்குத் தள்ளிவைப்பதற்கு எந்த மத்ஹபிலும் ஆதாரம் இல்லை.

தோல் தொழில் செய்யும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆவாரம்பட்டைச் சாற்றில் பச்சைத்தோல் வாரக்கணக்கில் ஊறினால்தான் உறுதிபெறும். அவசரப்பட்டு எடுத்த தோல் விரைவில் வெடித்துவிடும். நிய்யத்தும் அவ்வாறே. இன்றிரவு கணவனும் மனைவியும் அமர்ந்து, எந்த ஆண்டு விண்ணப்பிப்பது, மாதந்தோறும் எவ்வளவு ஒதுக்குவது, யாருடைய கடனை முதலில் அடைப்பது, யார் வீட்டுக் கதவை முதலில் தட்டுவது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதிய அந்த நோக்கத்தோடு வாழ்ந்து, பயணம் வாய்க்கும் முன்பே மரணம் வந்துவிட்டாலும், உள்ளத்தை அறிந்த இறைவன் அந்த நிய்யத்தை வீணாக்க மாட்டான்.

வல்ல நாயன் அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான பொருளையும், உடல்நலத்தையும், மக்பூலான ஹஜ்ஜையும் நஸீபாக்குவானாக. ஆமீன்.