ஐந்து தோட்டத்தைச் சுற்றி

மாட்டுங்காவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஐந்து தோட்டத்தைப் பற்றி நான் எடுத்துக் கூற வேண்டியதில்லை. மற்றப் பகுதிகளில் வசிக்கும் அன்பர்களுக்காகச் சில வார்த்தைகள். கிங்ஸ் சர்க்கிளில் காப்பித் தூளும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு சிறிது தூரம் நடந்தால், இரைச்சல் மெல்லத் தணிந்து மர நிழல் தொடங்கும். 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் சூறையாடிய பின்னர், நெரிசலைக் குறைப்பதற்காக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. அது தாதரிலும் மாட்டுங்காவிலும் புதுக் குடியிருப்புகளை வகுத்தபொழுது, மஞ்சேர்ஜி ஜோஷி என்ற பொறியாளர் நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்கென நிலம் ஒதுக்கச் செய்தார். அவ்வாறு எழுந்ததே தாதர் பார்சிக் காலனி. அதன் அருகில், சாலைகளால் பிரிக்கப்பட்ட ஐந்து பசுந்திடல்களே ஐந்து தோட்டம்.

விடியற்காலையில் அங்கே காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. முதிய பார்சிகள் தத்தம் நாய்களுடன் உலாவ வருவார்கள். அவர்கள் நாயை இழுப்பதுமில்லை. நாய் அவர்களை இழுப்பதுமில்லை. இடையில் வார் தளர்ந்து தொங்கும். பார்சிகளுக்கு நாயிடம் உள்ள பற்று இன்று நேற்று ஏற்பட்டதன்று. இறந்தவரின் உடலை நாயின் பார்வையில் படச்செய்வது அவர்களுடைய ஈமச் சடங்குகளில் ஒன்று. 1832ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தெரு நாய்களைக் கொல்லும்படி ஆங்கிலேயர் ஆணையிட்டதை எதிர்த்து, அமைதிக்குப் பெயர்பெற்ற அச்சமூகத்தார் பம்பாய்த் தெருக்களில் கலகமே செய்தார்கள்!

எங்கள் வீட்டு மணிக்கு இத்தகைய குலப்பெருமை ஒன்றுமில்லை. ஒரு மழை நாளில் மாடிப்படியின் கீழ் நடுங்கிக்கொண்டிருந்த தெருக்குட்டி அது. கும்பகோணத்திலிருந்து வந்த என் தாயாருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. நானும் மனைவியும் வேலைக்குப் போன பின்னர், பகல் முழுவதும் அவருடைய தமிழைக் கேட்க மணி ஒன்றே இருந்தது. அதற்கு ஒரு வயது நிரம்பிய சமயம், காலையில் தாயாருடன் வெளியே சென்றபொழுது, பூனை ஒன்றைக் கண்டு பாய்ந்தது. சங்கிலியைப் பற்றியிருந்த தாயார் கீழே விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மணியைப் பன்வேலில் தெரிந்தவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று நாங்கள் தீர்மானித்தோம்.

“கை ஒடிஞ்சது எனக்கு. நாயை அனுப்ப நீ யாருடா?” என்றார் தாயார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

மறுநாள் சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, மணியோடு மல்லுக்கட்டியவாறு ஐந்து தோட்டத்தை அடைந்தேன். முதிய பார்சி ஒருவர் சிறிது நேரம் எங்களைக் கவனித்தார். பிறகு, “டிக்ரா, அதற்கு இழுக்கக் கற்றுக்கொடுத்தவன் நீதான்” என்றார். நாய் இழுக்கிறது, நாம் பின்னால் ஓடுகிறோம். ஆகவே இழுத்தால் போக நினைத்த இடத்திற்குப் போகலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. நாம் எதிர்த்து இழுத்தாலோ, அது இன்னும் உறுதியாகக் காலூன்றி முன்னே தள்ளுகிறது. இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

சங்கிலியை முதலில் நீக்கச் சொன்னார். கழுத்தை இறுக்கினால் மூச்சுக்குழலுக்குத் தீங்கு. மார்புப் பக்கத்தில் வளையமுள்ள உடற்பட்டையும் ஆறடி நீளத் துணி வாரும் வாங்கினேன். வார் இறுகிய கணமே மரம்போல் நின்றுவிட வேண்டும். வெடுக்கென இழுக்கலாகாது, திட்டவும் கூடாது. நாய் திரும்பிப் பார்த்து வார் தளர்ந்ததும் நடக்கலாம். முழங்காலை ஒட்டி வரும்பொழுது ஒரு துணுக்கு உணவு. அவர் பையில் வைத்திருந்தது வேகவைத்த கோழி. எங்கள் வீட்டில் அது நடவாது, ஆதலால் இட்லி.

முதல் நாள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்தை அடைய இருபது நிமிடம் ஆயிற்று. எனக்கு முழங்கால் வலியோ என்று காய்கறிக்காரர் பரிவுடன் விசாரித்தார். மூன்றாம் நாள் அலுவலகத்திற்கு நேரமாகிவிட்டதென்று மணியை இழுக்கவிட்டேன். இரண்டு நாள் உழைப்பு அந்த ஒரு நடையில் கரைந்தது. அதன் பிறகு, நேரமில்லாத நாளில் பத்து நிமிடத்தோடு திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். இடையிடையே “போ” என்று சொல்லி மரத்தடியை விருப்பம்போல் மோப்பம் பிடிக்க விடுவேன். நடை நமக்குக் காலுக்கு. நாய்க்கு அது மூக்குக்கு. பகலெல்லாம் கம்பியில் கட்டிவைத்துவிட்டு, வெளியே வந்தவுடன் அடக்கத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

தெரு நாய்கள் எதிர்ப்பட்டால், மணியின் உடல் விறைக்கும் முன்பே விலகி, வளைந்து அப்பால் சென்றுவிடுவோம். கோடையில் புறங்கையைத் தார்ச் சாலையில் வைத்துப் பார்ப்பேன். எனக்குச் சுட்டால் அதன் பாதங்களுக்கும் சுடும்.

தாயாரின் கட்டுப் பிரித்த பின்னர், சில வாரங்கள் அவர் என் பக்கத்தில் வெறுமனே நடந்துவந்தார். பிறகு இரண்டு வார்கள், ஆளுக்கொன்று. சென்ற ஞாயிறன்று என் வாரை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். மதில்மேல் ஒரு பூனை அமர்ந்திருந்தது. மணி நின்றது, காதுகள் நிமிர்ந்தன, எனக்கு நெஞ்சு அடைத்தது. தாயாரும் நின்றார். வார் இறுகவில்லை. மணி பூனையைப் பார்த்தது, பிறகு அவரைப் பார்த்தது. அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து இட்லித் துண்டு ஒன்றை எடுத்தார்.

எதிர்ச்சாரியில் வந்த முதியவர் தொப்பியை உயர்த்தினார். இப்போது அவர் குஜராத்தியிலும் தாயார் தமிழிலுமாக நாள்தோறும் பேசிக்கொள்கிறார்கள். நான் பால் வாங்கப் போய்விடுகிறேன்.