தூக்க மெஷினும் வயிற்றுக் காற்றும்

பென்ஷன்காரர்கள் நாலு பேர் காலை நடை முடித்துக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தால், முதலில் டி.ஏ. அரியர்ஸ், பிறகு சர்க்கரை, பிரஷர், முட்டி வலி என்று பேச்சு போகும். வாய்வு பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கூச்சம். இன்று அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பெண்களும் படிக்கிறார்களே என்று கொஞ்சம் யோசித்தேன். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு ஸ்லீப் அப்னியா என்று சொன்னார்கள். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைத்துக்கொள்ளும். சில விநாடி மூச்சு நிற்கும். மூளை தட்டி எழுப்பும். மறுபடி குறட்டை. மணிக்கு 5 முறைக்குள் இருந்தால் பரவாயில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமை என்பது கணக்கு. எனக்கு 34. கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தம், இதயம், பக்கவாதம் என்று போகக்கூடிய சமாசாரம்.

என் அண்ணன் 61 வயதில் ராத்திரி படுத்தவர் காலையில் எழவில்லை. அவருடைய குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். "புண்ணியவான், தூக்கத்திலேயே போயிட்டார்" என்றார்கள். காரணம் என்னவென்று யாரும் பார்க்கவில்லை, இனித் தெரியவும் போவதில்லை. ஆனால் டாக்டர் என் ரிப்போர்ட்டைக் காட்டியபோது அண்ணன் முகம்தான் முன்னால் நின்றது. மறுபேச்சில்லாமல் சிபாப் மெஷின் வாங்கினேன்.

இது ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் கண்டுபிடித்தது. 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார். தத்துவம் எளிது. மூக்கில் மாஸ்க் மாட்டி, அறைக் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு ஊதினால் தொண்டை மூடிக்கொள்ளாது. அழுத்தத்தைத் தண்ணீர் மட்டக் கணக்கில் சென்டிமீட்டரில் சொல்வார்கள். பெரும்பாலான மெஷின்களில் 4 முதல் 20 வரை வைக்கலாம்.

முதல் வாரமே பகல் தூக்கம் போய்விட்டது. ஆனால் விடியற்காலையில் வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருக்கும். ஏப்பம் வரும், நெஞ்சு அடைக்கும், பிறகு கீழ்வழியாக. வெளியே கிளம்பவே பயம். வீட்டில் ஓம வாட்டர், சுக்குக் கஷாயம், பெருங்காய மோர் எல்லாம் வந்தன. மொச்சையும் உருளைக்கிழங்கும் சமையலறையை விட்டே வெளியேறின. காற்று மட்டும் போகவில்லை.

டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளியில் பிரெஞ்சில் படித்தவனுக்கு அது புதிதில்லை: அஎரோஃபாஜி. சாப்பிட்டு விட்டு ஏப்பம் விடுகிறவரைப் பற்றி எங்கள் மெத்ர் சாதாரணமாகச் சொல்கிற வார்த்தை. கிரேக்க மூலத்தில் 'காற்று தின்னுதல்'. அதாவது இது உணவிலிருந்து உண்டாகும் வாய்வு அல்ல, விழுங்கிய காற்று. தொண்டையில் இரண்டு வழி இருக்கிறது, ஒன்று நுரையீரலுக்கு, ஒன்று இரைப்பைக்கு. இரைப்பை வழிக்கு மேலும் கீழும் வால்வு மாதிரி தசை உண்டு. அழுத்தம் அதிகமானாலும், நெஞ்செரிச்சல்காரருக்கு அந்தத் தசை தளர்ந்திருந்தாலும், மெஷின் காற்று இரைப்பைக்குள் புகுந்துவிடும். மொச்சை மேல் போட்ட பழி தப்பு.

என் சிநேகிதர் ஒருவர் சொல்தா, பிரெஞ்சு பென்ஷன்காரர். இதே தொல்லையில் மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டார். "நீயும் ஏத்து, நிம்மதியா இரு" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அண்ணன் ஞாபகம் தடுத்தது.

முப்பது வருஷம் செக்ரடேரியட்டில் ரிஜிஸ்தர் எழுதிய கை சும்மா இருக்குமா? ஒரு நோட்டில் கோடு போட்டேன். ராத்திரி சாப்பிட்ட நேரம், என்ன சாப்பாடு, எந்தப் பக்கம் படுத்தேன், மூக்கடைப்பு உண்டா, காலையில் வயிறு எப்படி. பதினைந்து நாள் எழுதி, மெஷினோடு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் நோட்டையும் மெஷினில் பதிவான கணக்கையும் வைத்துப் பார்த்தார். அழுத்தம் விடியற்காலையில் 15 வரை ஏறியிருந்தது. உச்சவரம்பை 11 ஆக்கினார். மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் தணிகிற வசதியையும் போட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மூச்சு நிற்பது மணிக்கு 3. வயிற்றுத் தொல்லை பாதிக்கு மேல் குறைந்தது.

இதை நாமே திருகிப் பார்க்கக் கூடாது. அழுத்தத்தை அளவு மீறிக் குறைத்தால் வயிறு நன்றாயிருக்கும், மூச்சு நிற்கும். அந்தப் பேரம் நமக்கு வேண்டாம். சிலருக்கு உள்மூச்சுக்கு ஒரு அழுத்தம், வெளிமூச்சுக்கு ஒரு அழுத்தம் தருகிற பைபாப் மெஷின் பொருந்தும் என்றும் சொன்னார்.

மீதிப் பாதி வீட்டு வைத்தியம். சாப்பாட்டை ஒன்பதிலிருந்து ஏழு மணிக்கு மாற்றினோம். "ஏழு மணிக்கு என்னங்க பசிக்கும்?" என்று முணுமுணுத்த மனைவியும் பழகிவிட்டார். ஏப்பம் வரட்டும் என்று சோடா குடிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள், அது இன்னும் காற்றைத்தான் சேர்க்கும். தலையணை அடுக்கினால் கழுத்தும் வயிறும் மடங்கும். ஆசாரியிடம் சொல்லிக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அரை அடி உயர மரக்கட்டை வைத்தேன். பெரியவர்கள் சொன்னபடி இடது பக்கம் படுக்கிறேன், நெஞ்செரிச்சலுக்கும் அது நல்லது. மூக்கு அடைத்திருந்தால் வாய் திறக்கும், காற்றை விழுங்குவோம். அதனால் படுக்குமுன் மூக்கில் உப்புநீர்த் துளி. காலையில் எழுந்ததும் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிஷம் நடை, அடைபட்ட காற்று வழி கண்டுபிடித்துப் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. நம் வயதில் நெஞ்சு வலியை 'வாய்வுதான்' என்று நாமே தீர்ப்பு எழுதக் கூடாது. நெஞ்சில் வலி, வியர்வை, கைக்கு இறங்கும் வலி என்றால் உடனே ஆஸ்பத்திரி. வயிறு கல்லாய் இறுகி வாந்தியும் வந்தாலும் அப்படியே.

இப்போதும் வாரத்தில் ஒரு நாள் வயிறு உப்பத்தான் செய்கிறது. அது இந்த மெஷினுக்கு நான் கட்டுகிற வரி என்று வைத்துக்கொண்டேன். அண்ணன் தொடாத வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். பரணில் மெஷின் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், தூசி தட்டி இறக்குங்கள், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். சொல்தா சிநேகிதரை வருகிற வியாழக்கிழமை நானே அழைத்துப் போகிறேன்.