அம்மா கேட்ட கடல்

மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில் வரும் ஒரு பாடம். நாற்புறமும் கடல் சூழ்ந்த நாடு இலங்கை என்று மாணவருக்குச் சொல்லிக் கொடுத்தே என் ஆசிரியத் தொழிலின் பெரும் பகுதி கழிந்துவிட்டது. ஆனால், அட்டனுக்கு அண்மையிலுள்ள எங்கள் தோட்டத்தில், அந்தக் கடலை ஒரு தடவையேனும் கண்ணால் காணாத முதியவர்கள் பலர் இருந்தார்கள். என் தாயாரும் அவர்களில் ஒருவர்.

நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவர் அவர். எதையும் இரண்டாம் முறை கேட்டுப் பழக்கமில்லாதவர். "ஒரு தடவை கடலைப் பாக்கணும் தம்பி" என்பதை மட்டும் மூன்று முறை கேட்டார். எந்தக் கடலை என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கடலெல்லாம் ஒன்றுதானே என்பது என் எண்ணம்.

எங்கள் வீட்டுச் சுவரிலே ஒரு கலண்டர் தொங்கியது. அட்டன் கடையொன்றில் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. வெண்மணல், அதன்மேல் சாய்ந்து நிற்கும் ஒற்றைத் தென்னை, கண்ணாடிபோல நீல நீர், தூரத்தே ஒரு சிறு தீவு. கீழே 'நிலாவெளி' என்று அச்சிட்டிருந்தது. வெளியே மூன்று நாளாக மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, லயத்துக் கூரைத் தகரம் ஓயாது ஒலிக்க, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே தேநீர் அருந்துவது எனக்கு ஒரு சுகம். அம்மாவுக்குக் காட்ட வேண்டிய கடல் இதுதான் என்று நானாகவே தீர்மானித்துவிட்டேன்.

யுத்த காலத்தில் திருகோணமலைப் பக்கம் போவதை நினைத்துப் பார்க்கவும் முடியாது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் பணமும் நாளும் ஒருங்கே கூடி வரவில்லை. சீட்டுப் பணம் கைக்கு வந்த 2017ஆம் ஆண்டு, ஆகஸ்ட் விடுமுறையில்தான் புறப்பட்டோம். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரையே அமைதியாயிருக்கும். இதையெல்லாம் நன்றாக விசாரித்து வைத்திருந்தேன். விசாரிக்க வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் விசாரித்திருந்தேன் என்று சொல்லலாம்.

கண்டி தாண்டி, மாத்தளை தாண்டி வேன் இறங்கியது. அந்தக் காலத்தில் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக வந்து, வாந்திபேதியில் பாதிவழியில் மாண்டவர் போக, எஞ்சியோர் மாத்தளையில்தான் மலையேறினார்கள் என்று என் மகளுக்குச் சொன்னேன். ஆசிரியனுக்கு வேனும் வகுப்பறைதான். பின்னாசனத்திலிருந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நிலாவெளியில் மணல் இருந்தது, வெண்மைதான். ஆனால் கலண்டரில் வெயிலைப் படம் பிடிக்க முடியாதல்லவா? காலை ஒன்பது மணிக்கே மணல் காலைச் சுட்டது. குளிரிலே ஊறிய உடம்பு எங்களுடையது. இரண்டு எட்டு வைப்பதற்குள் செருப்பைத் தேடி ஓடினோம். பேருந்துகள் வரிசையாக வந்து மக்களைக் கொட்டிக்கொண்டிருந்தன. கடலுக்கும் எங்களுக்கும் இடையில் நூறு தலைகள். பிளாஸ்டிக் போத்தல்களும் சோற்றுப் பொதிகளின் தாள்களும் அலையில் வந்து வந்து போயின. சாய்ந்த தென்னையை மகள் தேடினாள். கிடைக்கவில்லை.

மறுநாள் படகேறிப் புறாத்தீவுக்குப் போனோம். கலண்டரில் தூரத்தே தெரிந்த தீவு அதுதான். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். 2003ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட இடம். அங்கே மணல் என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி மணலன்று, உடைந்த முருகைக்கல், பாதத்தில் முள்ளாகக் குத்துகிறது. நீருக்குள் வண்ண வண்ண மீன்கள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அவற்றைப் பார்க்க வந்தவர்கள், நீந்தத் தெரியாமையால், உயிருள்ள முருகைக்கல்லின் மேலேயே ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். முருகைக்கல் கல்லன்று, கோடானுகோடி சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. ஒரு சாண் வளரப் பல வருஷங்கள் செல்லும். உடையவோ ஒரு மிதி போதும். கடல் சிறிது சூடேறினாலும் அது வெளுத்துச் சாகும். 1998இல் ஹிக்கடுவையில் அப்படித்தான் பெரும்பகுதி அழிந்தது. இவ்வளவும் தெரிந்த நானும், கால் தவறியபோது ஒன்றின் மேல் ஊன்றித்தான் நின்றேன். அதை ஒளிப்பானேன்?

அம்மா படகிலிருந்து இறங்கி, கிடைத்த சிறு நிழலில் அமர்ந்து, எங்கள் செருப்புகளுக்குக் காவலிருந்தார். "கடல் எப்படி அம்மா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார். மருமகள் வைத்த குழம்பில் உப்புக் கூடிவிட்டால் அவர் சொல்லும் அதே குரல்.

நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டம்மா மீனவக் குடும்பத்தவர். மாலையில் முற்றத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "நுவரெலியாப் பக்கமா நீங்கள்? நானும் ஒருக்கா வந்தனான்" என்றார். ஏப்ரல் மாத வசந்த காலத்தில் உறவினரோடு போனாராம். படங்களில் பார்த்த பச்சைக் கம்பளத்தைப் பார்க்கும் ஆசை. போன இரண்டு நாளும் மழையும் பனிமூட்டமும். கிரகரி வாவிக்கரையில் மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. தோட்டத்தில் இறங்கிய பிள்ளையின் காலில் அட்டை கடித்து இரத்தம் நிற்கவில்லை. "அந்தக் குளிருக்குள்ள எப்படித்தான் சீவிக்கிறீங்களோ!" என்று அம்மாவைப் பார்த்து இரங்கினார். அம்மா முதன்முறையாகச் சிரித்தார்.

2004 டிசெம்பரில் சுனாமி அந்தக் கரையையும் கடுமையாகத் தாக்கியது. அவர் வீட்டு வாசல் கடலை நோக்கி இருக்கவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திரும்பும் நாளில் கோணேசர் கோயிலுக்குப் போனோம். தரிசனம் முடிந்து, மலை விளிம்பில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கீழே ஆழ்நீலம், கண்ணுக்கெட்டிய வரை ஒரு தோணிகூட இல்லை. அம்மா மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, அக்கா போனது இந்தக் கடல்லயா?"

எனக்குச் சுருக்கென்றது.

பெரியம்மாவை நான் சிறு பிள்ளையாயிருக்கும்போது பார்த்ததுண்டு, முகம் நினைவில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நம்மவரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று கூறு போட்டது. பெரியப்பா இந்தியாவுக்கு மனுக் கொடுத்தார். என் தந்தையார் இங்கேயே இருக்க மனுக் கொடுத்தார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்த சகோதரிகள் இரண்டு நாட்டவரானார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், அட்டன் ஸ்டேசனில் ஊரே கூடி அழ, பெரியம்மாவின் கோச்சி புறப்பட்டது. தலைமன்னார் போய்க் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் மீண்டும் தேயிலை மலைக்கே போய்ச் சேர்ந்தார். அதன் பின் கடிதங்கள்தாம். அவர் இறந்த செய்தியும் கடிதத்தில்தான் வந்தது. காரியம் முடிந்து பல நாள் கழித்து.

அம்மா மூன்று முறை கேட்ட கடல் அது. "இது கிழக்குப் பக்கம் அம்மா, அது மேற்கே, மன்னார்ப் பக்கம்" என்றேன். "அப்படியா" என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் என் மகள் படகையும் மீனையும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். எனக்குப் பேச்சு எழவில்லை.

அடுத்த வருஷம், இன்னொரு சீட்டை எடுத்து, அம்மாவும் நானும் மாத்திரம் போனோம். வேனில் அல்ல, பெரியம்மா போன மாதிரியே, அட்டனில் கோச்சியேறிப் பொல்கஹவெலையில் மாறி. யுத்தத்தில் அழிந்த தலைமன்னார்ப் பாதை 2015இல் மறுபடி திறக்கப்பட்டிருந்தது. அந்தக் கரையை எந்தக் கலண்டரிலும் போடமாட்டார்கள். சிதைந்த பழைய இறங்குதுறை, வெளிச்சவீடு, வற்றிய கருவாட்டு வாடை, அனல்காற்று. உல்லாசப் பிரயாணிகள் எவருமில்லை. அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"எந்தப் பக்கம்?"

கையை நீட்டிக் காட்டினேன். தாத்தா சிறுவனாகக் கப்பலேறிய தனுஷ்கோடியும் அதே திசைதான் என்றேன். 1964 புயலில் அது அழிந்ததையும் சொன்னேன்.

"இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"தனுஷ்கோடி முனைக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கணக்குத் தவறிய மாணவனை நான் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"அட்டனுக்கும் கண்டிக்கும் உள்ள தூரங்கூட இல்லையா?"

"இல்லை அம்மா. அதில் பாதிதான் வரும்."

அவர் மறுபடி கடலைப் பார்த்தார். "இவ்வளவுதானா?" என்றார்.